வெங்காய மூட்டை யார் தோளில்?

நாசிக் மாவட்டத்து லாசல்காவில் லாரி ஏறிய வெங்காயம் நவி மும்பையில் சான்பாடாவை ஒட்டியிருக்கும் துர்பே சந்தைக்கு வருகிறது. வாஷி ஏபிஎம்சி என்றால்தான் மும்பைக்காரர்களுக்குப் புரியும். லாரியின் பின்கதவு திறந்ததும் மூட்டை மாத்தாடி எனப்படும் சுமைத் தொழிலாளி ஒருவரின் முதுகுக்கு மாறும்.

அவர் யாருடைய ஆள்? முக்காதம் எனும் மேஸ்திரி ஒருவரின் கீழ் டோளியாக, அதாவது குழுவாக வேலை. இந்தக் கடைக்கு இறக்கிய கையோடு அடுத்த கடைக்குப் போவார். கூலி மூட்டைக் கணக்கில். ஆகவே எந்த வியாபாரியும் ‘என் ஆள் இல்லை’ என்று கைகழுவலாம். வெகுகாலம் கழுவவும் செய்தார்கள். அண்ணாசாஹேப் பாட்டீல் இவர்களைத் திரட்டிப் போராடியதில் 1969-ல் மாத்தாடிச் சட்டம் வந்தது. முதலாளி யார் என்ற வழக்கையே அது ஓரங்கட்டிவிட்டது. வியாபாரி மாத்தாடி வாரியத்தில் பதிந்துகொண்டு, கூலியையும் அதன்மேல் லெவியையும் அங்கே கட்ட வேண்டும். எத்தனை கடை மாறினாலும் வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் வாரியக் கணக்கில் சேரும். மாத்தாடி பெயரைச் சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் போலிகளும் உண்டுதான். இருந்தாலும் நம் தொழிலாளர் சட்டங்களில் இவ்வளவு சாமர்த்தியமானது வேறில்லை என்பேன்.

அடுத்து டெம்போ. வண்டி, தவணை, டீசல் எல்லாம் ஓட்டுநர் பாடு. வாடகையைப் பேரம் பேசுவதும் அவரே. சந்தேகமில்லாமல் தனித் தொழில்காரர்.

செயலிக் கம்பெனி ஒன்றின் சான்பாடா கிடங்கில் மூட்டை பிரிந்து ஒரு கிலோ பைகளாகிறது. ஒரு பை அடுக்குமாடிக்குக் கிளம்புகிறது. கொண்டுபோகிறவருக்கும் பைக் சொந்தம், பெட்ரோல் சொந்தச் செலவு. ஆனால் பேரம் கிடையாது. எந்த வீடு, எவ்வளவு கூலி என்பதெல்லாம் செயலி சொல்லும். அதற்குப் பிடிக்காவிட்டால் ஐடி முடங்கும். அப்படியானால் இவர் யாருடைய ஆள்? தாரங்கதாரா உப்பள வழக்கில் அகரியாக்கள் எனும் உப்பளக்காரர்கள் தாங்களே கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு வேலை நேரமும் கிடையாது. அப்படியும் வேலை நடக்கும் விதம் கம்பெனியின் பிடியில் இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 1956-ல் உறுதிசெய்தது. பைக்கில் பை கொண்டுபோகிறவரை அந்த அளவுகோலில் நிறுத்தினால் கம்பெனிகளுக்குச் சங்கடம்தான்.

2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தச் சங்கடத்தை அவர்களுக்கு வைக்கவில்லை. இவரைப் போன்ற கிக் தொழிலாளரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியே வரையறுக்கிறது. கம்பெனி தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நலநிதிக்குக் கட்ட வேண்டும். இவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தை அது தாண்டாது. லெவிக்கு ஒரு தம்பி கிடைத்துவிட்டான். மாத்தாடி வாரியம் செய்வதுபோல் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் மட்டும் இந்த ஏற்பாட்டில் இல்லை. அந்த ஒரு கிலோவுக்கான கூலி இன்னும் செயலியின் இஷ்டம்.