பதினைந்து வருஷக் கணக்கு

டிகிரி கைக்கு வந்த மறுவாரமே நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்த முதல் காரியம் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் போய்ப் பதிந்ததுதான். தென்காசியில் பஸ் ஏறித் திருநெல்வேலியில் இறங்கி, வரிசையில் நின்று, அந்த அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்தினோம். அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து வயது ஏறியதுதான் மிச்சம் என்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அந்த அலுவலகம் படித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதே அல்ல. இரண்டாம் உலக யுத்தம் முடிகிற தறுவாயில், 1945 ஜூலையில், ஊர் திரும்பப்போகும் சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்க வெள்ளைக்கார அரசு ஏற்படுத்திய ஏற்பாடு அது. 1947இல் பிரிவினை அகதிகளையும் அதில் சேர்த்தார்கள். 1948இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யாருக்காகத் திறந்தார்களோ அவர்கள் வரிசையில் கரைந்து காணாமல் போனார்கள்.

மலர்க் குழுவினர் "நம்ம வட்டாரச் சரித்திரமா ஒண்ணு எழுதும்" என்று கேட்டார்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். கரைந்து போன அந்தப் பட்டாளத்துக்காரர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அதனால் அதை எடுத்துக்கொண்டேன்.

1939இல் இந்தியப் படையில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1945இல் அது 25 லட்சம். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் இவ்வளவு பெரிய படை உலகத்தில் வேறெங்கும் சேர்ந்ததில்லை என்று சரித்திரப் புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும். தானாக விரும்பிச் சேர்ந்தார்கள் என்பது சரிதான். வயிறு விரும்பியது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்! 1947 ஆகஸ்டில் நாடு பிரிந்து படையும் பிரிந்தபோது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அதாவது இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய 20 லட்சம் பேரை ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ரயில் வாரண்டும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நம் தெற்கத்தியார் கதையில் இன்னொரு சுற்றும் உண்டு. கம்பெனி காலத்தில் சென்னைப் படைக்கு இருந்த பெயர் 1857க்குப் பிறகு மங்கியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை, பிற்பாடு இந்தியா முழுமைக்கும் தளபதியானவர், 'தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கத்தியானையே எடு' என்ற கட்சிக்காரர். அந்த எண்ணம் வேர்பிடித்து, 1920களின் முடிவுக்குள் சென்னைக் காலாட்படையே கலைக்கப்பட்டது. யுத்தம் முற்றி ஆள் பற்றாக்குறை வந்ததும், லாயக்கில்லாதவன் ஒரே நாளில் லாயக்கானவன் ஆகிவிட்டான். மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி உயிர்ப்பித்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸிலும், மண்வெட்டியும் கடப்பாரையுமாய் ரோடு போட்ட பயோனியர் படையிலும், லாரி ஓட்டிய சர்வீஸ் கோரிலும் தமிழர்கள் நிறையச் சேர்ந்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்களைவிடப் பாலம் கட்டியவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் எண்ணிக்கை நம்மவர்களில் கணிசம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் பார்க்கையில் வரும்.

எங்கள் இலத்தூர்ப் பக்கம் குளத்துப் பாசனம். மேற்கே மலையில் சாரல் பிடித்தால் பிழைப்பு, பிடிக்காவிட்டால் ஆண்பிள்ளைகள் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். மலையைத் தாண்டி மலையாளக் கரைக்குப் போவார்கள், கொழும்புக்குப் போவார்கள். அந்த ஐந்தாறு வருஷம் பட்டாளத்துக்கும் போனார்கள். மாதாமாதம் மணியார்டர் வந்த வீட்டுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்றே பெயர். மணியார்டர் நின்று எத்தனையோ வருஷம் ஆனபிறகும் அந்தப் பெயர் மட்டும் நின்றது.

பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். 1942இல் சேர்ந்து, பர்மா எல்லையில் லாரி ஓட்டி, 1946இல் திரும்பியவர். பர்மா ஸ்டார் பதக்கம் வைத்திருந்தார். அது பித்தளை மாதிரி ஓர் உலோகம், பாத்திரக்காரனிடம் போட்டால்கூட ஒன்றும் தேறாது. பட்டாளத்து விதிப்படி சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும். அவருக்கு நான்கு வருஷம். கையில் கிராஜுவிட்டி என்று ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். பின்னாளில் ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனபோது, "பட்டாளத்துல இருந்தீரு, சரி. பதினஞ்சு வருசம் இருந்தீராவே?" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டாராம். இவர் சொன்ன பதிலை எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்: "சண்டை பதினஞ்சு வருசம் நடந்திருந்தா நானும் இருந்திருப்பேன் ஐயா. அவன் ஆறு வருசத்துல முடிச்சுப்புட்டான், நான் என்ன செய்ய?"

சிரித்தோமே தவிர, அவர் சொன்னதில் இருக்கும் நியாயம் உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று. பதினைந்து வருஷ விதி சமாதான காலத்துப் பட்டாளத்தை மனதில் வைத்துப் போட்டது. இருபது வயதில் சேர்ந்து முப்பத்தைந்தில் ஓய்வு பெறுகிறவனுக்கு அது பொருந்தும். யுத்தத்துக்கென்றே எடுத்து, யுத்தம் முடிந்ததும் தானே அனுப்பிவைத்த ஆளிடம் அதே விதியைக் காட்டினால், அவனுக்குப் பென்ஷன் கிடைக்க வழியே இல்லை. குண்டடி பட்டு ஊனமானவர்களுக்கும், செத்தவர்களின் குடும்பத்துக்கும் தனி விதி இருந்தது. கைகால் சுகமாகத் திரும்பியவன்தான் எந்த விதியிலும் சிக்காமல் நழுவிப்போனான். உயிரோடு முழுசாக வந்தது குற்றமா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். 1919இலேயே இந்திய சோல்ஜர்ஸ் போர்டு ஏற்பட்டுவிட்டது. அதன் வழிவந்ததுதான் இன்றைய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். நம் சென்னை மாகாணம் அன்று மலபாரையும் சேர்த்தது. வயநாட்டில் அம்பலவயல் பக்கம் திரும்பிவந்த சிப்பாய்களுக்கென்று நிலம் ஒதுக்கிக் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். காட்டை வெட்டவேண்டும், மலேரியாவுக்குத் தப்பவேண்டும், அப்புறம்தான் விவசாயம். 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் கொடி நாள். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் காசு கொடுத்துச் சட்டையில் குத்திக்கொண்ட அந்தக் காகிதக் கொடிதான்.

இன்னொன்று, யுத்தத்துக்குப் பிந்தைய புனரமைப்பு நிதி. போரிட்ட சிப்பாய் ஒருவருக்கு மாதம் 2 ரூபாய், சமையல், சலவை போன்ற வேலையில் இருந்தவருக்கு மாதம் 1 ரூபாய் என்று கணக்கிட்டு அரசு ஒதுக்கிய பணம் அது. அதை அவரவர் கையில் கொடுக்கவில்லை. மொத்தமாகத் திரட்டிப் பொது நலநிதியாக மாகாணங்களிடம் விட்டார்கள். நம் பெரியவர் நான்கு வருஷம் இருந்தார் என்றால் அவர் தலைக்கு 96 ரூபாய். பக்கத்திலேயே சோறு பொங்கினவருக்கு 48 ரூபாய். குண்டு விழும்போது சமையல்காரன் எது, சிப்பாய் எது என்று பார்த்தா விழுந்தது? கணக்குப்பிள்ளை மட்டும் பார்த்தார்.

எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் கதையையும் சொல்லவேண்டும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அதில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை நியூகினி தீவு வரைக்கும் கூலிப்படையாகக் கொண்டுபோனார்கள், நிறையப் பேர் அங்கேயே மடிந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமை ஏற்றபின், மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்தது நாம் அறிந்ததுதான். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஏராளம்.

யுத்தம் முடிந்ததும் ஐ.என்.ஏ.வினரை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்புப் பட்டியல்காரனுக்கு வேலையும் போயிற்று, நிலுவைச் சம்பளமும் போயிற்று. செங்கோட்டை விசாரணை என்றதும் நம் பக்கத்தில் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்வார்கள், இது டில்லி செங்கோட்டை! 1945 நவம்பரில் அங்கே விசாரணை தொடங்கியபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் சுதந்திரம் வந்தபின் அவர்களைப் பட்டாளத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972இல் தியாகிகள் பென்ஷன் மாதம் 200 ரூபாய் என்று வந்தபோது ஐ.என்.ஏ.வினருக்கும் அது உண்டு என்றார்கள். ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் உடன் சிறையிருந்தவர் கையெழுத்து வேண்டும். ரங்கூனில் சிறையிருந்தவன் திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு யாரைத் தேடுவான்?

இதில் ஒரு விசித்திரம். எதிர்த்துப் போரிட்டவன் தாமதமாகவாவது தியாகி ஆனான். பர்மா ஸ்டார் வாங்கியவனோ இரண்டு பக்கமும் இல்லாதவன் ஆனான். வெள்ளைக்காரன் போய்விட்டான், வந்த சர்க்காருக்கு இவன் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காரன். அவனைக் கொண்டாடவும் கூச்சம், கைவிடவும் மனமில்லை என்கிற நிலை. பிலிப்பைன்ஸிலும் இதே கூத்துதான். அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்டவர்களின் உரிமையை 1946இல் ஒரு சட்டம் போட்டுப் பறித்தார்கள். 2009இல்தான் ஒருமுறைத் தொகையாகக் கொஞ்சம் கொடுத்தார்கள், அதிலும் அமெரிக்கக் குடிமகனுக்கு 15,000 டாலர், மற்றவனுக்கு 9,000.

நம் தமிழ்நாடு அரசு, பென்ஷன் இல்லாத இரண்டாம் உலக யுத்தப் படைவீரருக்கும் அவர்கள் விதவையருக்கும் மாத உதவித்தொகை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், நிஜமாகவே பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது. ஆனால் வயதாகித் தள்ளாடும் கிழவி, கணவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதற்குக் காகிதம் காட்டவேண்டும். நான் சொன்ன பெரியவரின் டிஸ்சார்ஜ் புக்கில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பதக்கத்தைக் கரையான் தின்னவில்லை, ஆனால் பதக்கத்தை வைத்து மனு போடமுடியாது. அந்த ஆச்சி மூன்று தடவை திருநெல்வேலிக்கு அலைந்து, நான்காவது தடவை "போதும்யா, பஸ் சார்ஜுக்கே கட்டல" என்று நிறுத்திக்கொண்டார்.

நம் கல்லூரிகளுக்கு நெருக்கமான ஒரு கூட்டத்தையும் விடக்கூடாது. 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு எமர்ஜென்சி கமிஷன் என்று பட்டதாரி இளைஞர்களை அவசரமாக ஆபீசர்களாக எடுத்தார்கள். 1965 யுத்தத்தையும் பார்த்துவிட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அவர்களில் பலர் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தார்கள். மத்திய அரசு வேலைகளில் அவர்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்கள். இடம் கிடைத்தவர் பிழைத்தார்.

'ஒரே பதவி ஒரே பென்ஷன்' போராட்டம் பத்திரிகையில் எல்லோரும் படித்தது. 2015 ஜூனில் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள், நவம்பர் 7இல் ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் அமலாகும் என்றார்கள். நியாயமான சண்டைதான். ஆனால் அது பென்ஷன் வாங்குகிறவர்களுக்குள் கூடக்குறைய என்ற சண்டை. பதினைந்து வருஷக் கோட்டுக்கு வெளியே நிற்பவன் அந்தப் பந்தலுக்குள்ளும் வரமுடியாது.

அந்தக் கோட்டுக்கு வெளியே இப்போது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். 2022 ஜூன் 14இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பையனுக்கு சர்வீஸ் நான்கு வருஷம். நூற்றுக்கு 25 பேர் வரை நிலைப்பார்கள். மற்றவர்களுக்கு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் கையில். பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. 1946இல் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது நல்ல தொகை, மத்திய போலீஸ் படைகளில் இட ஒதுக்கீடும் அறிவித்திருக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் எங்கள் பெரியவருக்கும் நான்கு வருஷம், இந்தப் பையன்களுக்கும் நான்கு வருஷம் என்று பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது. 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 முடிவில் நான்கு வருஷம் நிறைகிறது. நம் பழைய மாணவர்களில் வியாபாரம், பாங்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பையன் வந்து நின்றால், அவன் எங்கே இருந்துவிட்டு வருகிறான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ 1939-க்கும் 1946-க்கும் இடையில் பட்டாளத்தில் இருந்திருந்தால், பரணில் இருக்கும் பெட்டியை இறக்கிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் கரையான் எட்டுவதற்குள் ஒரு நகல் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெயர், ரெஜிமெண்ட் நம்பர், எந்தத் தேதியில் விடுவித்தார்கள் என்ற வரி, இந்த மூன்றும் படிக்கிற மாதிரி இருந்தால் போதும். தமிழ் மாதப்பெயரில், உருதுவில், ரோமன் எழுத்தில் எப்படி எழுதியிருந்தாலும் சரி, படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.