பாய்மரக் கப்பல்களின் செப்புக் கவசமும் இரும்பாணி அரிமானமும்

செப்புக் கவசம் என்பது மரக்கப்பலின் நீருக்குள் அமிழும் பகுதியை மெல்லிய செப்புத் தகடுகளால் மூடும் முறையாகும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரித்தானியக் கடற்படை இதனைப் பெருமளவில் கைக்கொண்டது. கப்பலைப் புழுவிடமிருந்து காத்த இந்தத் தகடே, கப்பலைப் பிணைத்திருந்த இரும்பு ஆணிகளை அரிக்கவும் காரணமாயிற்று. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொரு நோயை உண்டாக்கிய கதை இது.

தேவை

வெப்பக் கடல்களில் கப்பல் துளைப்புழு என்னும் உயிரி மரத்தைக் குடைந்து வாழ்கிறது. பெயரில் புழு என்றிருந்தாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. அது குடைந்த பலகை வெளிப்பார்வைக்கு நன்றாகவே தோன்றும். உள்ளே சல்லடையாகி நீர் கசியும். இதனுடன் பாசியும் கொட்டலசும் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. செம்பிலிருந்து சிறிது சிறிதாகக் கரையும் உப்புகள் இவ்வுயிரிகளுக்கு நஞ்சு. ஆகவே செப்புத் தகடு இரு தொல்லைகளுக்கும் ஒருசேரத் தீர்வாகத் தோன்றியது.

அலாரம் கப்பல் தந்த பாடம்

1761இல் 32 பீரங்கிகள் கொண்ட 'அலாரம்' என்னும் போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு பொருத்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர். 1763இல் அது திரும்பி வந்ததும் ஆய்வு செய்தனர். புழு தாக்கவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப்போய், அவ்விடங்களில் தகடு கழன்றிருந்தது. சில ஆணிகள் மட்டும் அதிகம் கெடாமல் இருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் அங்கே அகற்றப்படாமல், ஆணிக்கும் செம்புக்கும் இடையே சிக்கியிருந்ததே காரணம். கடல்நீரில் இரும்பும் செம்பும் நேராகத் தொடக்கூடாது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். மின்கலம் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே இந்த உண்மை கண்ணால் கண்டறியப்பட்டது குறிப்பிடத்தக்கது.

அரிமானம் நிகழும் விதம்

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்திருந்தால் அங்கு ஒரு மின்கலம் உருவாகிறது. எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரைகிறது, மற்றது காக்கப்படுகிறது. இரும்பும் செம்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. செம்பின் பரப்பு பெரிதாகவும் இரும்பின் பரப்பு சிறிதாகவும் இருந்தால் கரைதல் விரைவாகும். கப்பலில் இருந்த நிலை இதுவே: அடிப்பாகம் முழுவதும் செம்பு, இடையிடையே சிறிய ஆணித் தலைகள்.

போரும் இழப்பும்

1778இல் கடற்படை நிர்வாகத்தில் பொறுப்பேற்ற சார்லஸ் மிடில்டன், அமெரிக்க விடுதலைப் போரின் நெருக்கடியில், கடற்படை முழுமைக்கும் செப்புக் கவசம் இடவேண்டும் என வலியுறுத்தினார். பிரான்சும் ஸ்பெயினும் எதிரணியில் இருந்தன. கப்பல்களின் எண்ணிக்கை போதவில்லை. வேகமாவது வேண்டும் என்பது அவர் கருத்து. இரும்பு ஆணிகளைக் காக்கத் தகட்டின் அடியில் கெட்டித் தாளும் பூச்சும் இடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் கவசம் பெற்றன.

ஆனால் தாள் நிலைக்கவில்லை. நீர் ஊடுருவியதும், பலகைகளையும் சட்டங்களையும் இணைத்த பெரிய இரும்பு ஆணிகள் மெலியத் தொடங்கின. தகட்டுக்குப் பின்னால் நடந்ததால் இந்தச் சேதம் வெளியே தெரியவில்லை. 1782 செப்டம்பரில் ஜமைக்காவிலிருந்து திரும்பிய கப்பல் கூட்டம் அட்லாண்டிக் புயலில் சிக்கியது. 'ராமிலீஸ்', 'சென்டார்' ஆகிய போர்க்கப்பல்கள் நீர் புகுந்து அழிந்தன. சென்டார் மூழ்கியபோது படகேறித் தப்பியவர்கள் தலைவர் இங்கிள்ஃபீல்டு உட்பட 12 பேரே. புயலின் பங்கு எவ்வளவு, ஆணிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. எனினும் செப்புக் கவசத்தையே கைவிடலாமா என்ற கேள்வி கடற்படைக்குள் எழுந்தது.

தீர்வு

இரும்பை அகற்றுவதே வழியாயிற்று. தூய செம்பு மென்மையானது. ஓங்கி அடித்தால் வளையும். 1783 அளவில், செப்புக் கம்பியைச் சூடாக்காமலே உருளைகளுக்கிடையே அழுத்திக் கடினமாக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வேல்ஸ் பகுதியின் பாரிஸ் மலைச் சுரங்கத்தை நடத்திய தாமஸ் வில்லியம்ஸ் இத்தகைய ஆணிகளை விற்றுப் பெரும் பொருள் ஈட்டினார். 1786இல் கடற்படை தன் கப்பல்களுக்குச் செப்பு ஆணிகளையே பயன்படுத்த ஆணையிட்டது.

டேவியின் சோதனை

அடுத்து, செப்புத் தகடே கரைந்து வீணாவதைத் தடுக்க 1824இல் ஹம்ப்ரி டேவி முயன்றார். செம்போடு துத்தநாகம் அல்லது வார்ப்பிரும்புத் துண்டுகளை இணைத்தால், அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்று நிறுவினார். கொச்சியில் கட்டப்பட்ட 'சமராங்' கப்பலிலும் இது சோதிக்கப்பட்டது. செம்பு கரையவில்லை. ஆனால் கரையாத செம்புக்கு நஞ்சும் இல்லை. பாசியும் கொட்டலசும் மீண்டும் ஒட்டிக்கொண்டன. எனவே கடற்படை இம்முறையைக் கைவிட்டது. பின்னர் 1832இல் மன்ட்ஸ் என்பவர் 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கலந்த மலிவான உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1869இல் கட்டப்பட்ட புகழ்பெற்ற 'கட்டி சார்க்' கப்பலின் கவசம் இவ்வுலோகமே.

இன்றைய நிலை

டேவியின் கருத்து வீணாகவில்லை. எஃகுக் கப்பல்களிலும் சிறு படகுகளிலும் இன்று துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. அவை தேய்ந்ததும் மாற்றப்படுகின்றன. இன்றைய பாய்ப்படகுகளில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், மேல்தளத்தின் வழியே இறங்கும் துருப்பிடிக்கா எஃகுப் பட்டைகளில் மாட்டப்படுகின்றன. பட்டை நுழையும் இடத்தில் நீர் கசிந்து தேங்கினால், அங்கு ஆக்சிசன் குறையும். எஃகைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் அரிமானம் தொடங்கும். பட்டை முறிந்தால் பாய்மரமே சாயும். எனவே மேல்தளத்தில் கசிவைக் கண்டால், வெளியே பசை பூசி நிறுத்திவிடாமல் பட்டையைக் கழற்றிப் பார்ப்பதே முறை. அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகைப் பொருத்தும்போது இரண்டுக்கும் இடையே நைலான் வளையமோ காப்புப் பசையோ இடுவதும் இதே நோக்கத்தில்தான். அலாரம் கப்பலில் தற்செயலாகச் சிக்கிய பழுப்புத் தாள் செய்த வேலையை இன்று இவை செய்கின்றன.