வானவில்லை அளந்த துறவி

கி.பி. 1266ஆம் ஆண்டில் போப்பாண்டவர் நான்காம் கிளெமண்ட், ரோஜர் பேக்கன் என்னும் ஆங்கிலேயத் துறவிக்குக் கடிதம் ஒன்று விடுத்தார். அவர் எழுதிய நூலைச் சபையின் தடையைப் பொருட்படுத்தாது, மறைவாக அனுப்புமாறு அதில் பணித்திருந்தார். மேலவர் இசைவின்றி நூல் வெளியிடலாகாது என்பது பிரான்சிஸ்கன் சபையார் 1260இல் வகுத்த விதி. வேடிக்கை என்னவெனில், போப் கேட்ட நூல் அப்போது எழுதப்படவே இல்லை! பேக்கன் விரைந்து எழுதி 1267இல் அனுப்பிய நூலே 'ஓபஸ் மாயுஸ்', அதாவது 'பெருநூல்'.

அதில் ஒளியைப் பற்றிய பகுதி நமக்கு மிக நெருங்கியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யவன அறிஞர் பலர் கூறி வந்தனர். பொருளிலிருந்தே ஒளி கண்ணை வந்தடைகிறது என்று சான்று காட்டி நிறுவியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்கள். அவர்களது 'கிதாபுல் மனாழிர்' லத்தீனில் பெயர்க்கப்பட்டிருந்தது. அதனைப் பாடமாகவே கொண்ட பேக்கன், பெயர் சொல்லியே எடுத்தாண்டார். (பழைய கொள்கையை முற்றிலும் கைவிட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.)

வானவில்லை ஆராயப் புகுந்தவர், ஏட்டிலிருப்பதைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாது, கருவி கொண்டு அளக்கச் சொல்கிறார். சூரியன் ஏற ஏற வில் தாழும். சூரியன் அடிவானில் நிற்கையில் வில்லின் உச்சி 42 பாகை வரை எழும், அதற்கு மேல் எழாது என்று கண்டார். அளந்த கையே வேதத்தையும் புரட்டியது. நூஹ் நபி (அலை) அவர்கள் காலத்து வெள்ளத்துக்குப் பின் இறைவன் மேகத்தில் வில்லை அடையாளமாக வைத்தான் என்கிறது பைபிளின் ஆதியாகமம். திருக்குர்ஆன் வெள்ளத்தை உரைக்கிறது; வில்லைக் குறிப்பிடவில்லை. வில் தோன்றும்போது மேகநீர் சிதறித் தேய்கிறது, ஆதலின் இனிப் பெருவெள்ளம் இல்லை என்பதற்கு அது பொருத்தமான அடையாளமே என்று பேக்கன் விளக்கினார். இயற்கையை அறியாதவன் வேத வசனத்தையும் முழுமையாக அறியான் என்பது அவர் துணிபு.

நம் மார்க்கத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து நமக்கு உவப்பானதன்று. முஸ்லிம்களை வாளாலன்றிச் சொல்லால் வென்று கிறிஸ்தவத்துக்குக் கொணர வேண்டுமென்றே எண்ணினார். அரபு கற்கும்படி தம்மவரை வற்புறுத்தியதில் அந்நோக்கமும் உண்டு. இதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும், மார்க்கத்தில் மாறுபட்டவர் என்பதற்காக இப்னுல் ஹைதமின் இல்மை அவர் தள்ளிவிடவில்லை, பெற்றதை மறைக்கவுமில்லை.

போப் கிளெமண்ட் 1268இல் இறந்தார். 'மனாழிரின்' லத்தீன் பெயர்ப்பு 1572இல் அச்சேறிற்று. அரபு மூலத்தின் முதல் மூன்று பாகங்கள் பதிப்பிக்கப்பெற்று, குவைத்தில் வெளிவந்தது 1983இல்.