நர்மதைக் கரையில் ஒரு விஞ்ஞான வகுப்பு

சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் ரயில் இட்டார்சி ஜங்ஷனை விட்டுப் புறப்பட்டுச் சிறிது நேரத்தில் நர்மதைப் பாலத்தின்மேல் ஓடும்போது, பக்தி சிரத்தையுள்ள பிரயாணிகள் ஜன்னல் வழியே காசை எறிந்து கும்பிடுவார்கள். பாலத்துக்குச் சற்று முன்பாகத் தென்கரையில் கடந்துபோகும் 2022 வரை ஹோஷங்காபாத் என்று வழங்கிய ஊரை ஏறிட்டுப் பார்ப்பவர் சொற்பமே. ஆயினும் நம் தேசத்து நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானம் போதிக்கப்பட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் அந்த ஊரில் இறங்காமல் மேலே செல்ல இயலாது.

ஆறாம் வகுப்பில் காலடி வைக்கும் ஒரு கிராமத்துப் பிள்ளை பௌதிக, ரசாயன பாடங்களிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்டால், விடை சுருக்கமானது. உபாத்தியாயர் நூலை வாசிப்பார். பிராணவாயுவைத் தயாரிக்கும் முறையை விளக்கும் படத்தை, அதிலுள்ள கண்ணாடிக் குடுவையை ஒருநாளும் தொட்டறியாத மாணவர்கள் பெயர்த்து வரைந்துகொள்வார்கள். பரீட்சையில் அதையே திருப்பிக் கொடுப்பார்கள். கோத்தாரி கமிஷனின் 1966-ஆம் ஆண்டு அறிக்கை விஞ்ஞானக் கல்விக்கு உயர்ந்த ஸ்தானத்தை அளித்திருந்தும், அறிக்கைக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள தூரம் சற்றும் குறையவில்லை.

அத்தூரத்தைக் கடக்க முற்பட்டவை இரண்டு சிறு ஸ்தாபனங்கள். ஒன்று, ரசூலியாவில் குவேக்கர் சமயத்தாரின் நண்பர்கள் கிராம மையம். மற்றொன்று, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தாம் வகித்த பதவியைத் துறந்துவந்த உயிரியல் விஞ்ஞானி அனில் சத்கோபால், நண்பர்களுடன் பன்கேடி வட்டாரத்தில் அமைத்த கிஷோர் பாரதி. இவ்விரண்டும் கேட்டுக்கொண்டதன் பேரில், ஹோஷங்காபாத் ஜில்லாவின் இரண்டு வட்டாரங்களைச் சேர்ந்த 16 பள்ளிகளில் தம் முறைப்படி விஞ்ஞானம் கற்பித்துப் பார்க்க 1972-ல் மத்தியப் பிரதேச அரசாங்கம் அனுமதி வழங்கியது. அவை யாவும் ஏழைக் குடியானவர் பிள்ளைகள் படித்த சாதாரணப் பள்ளிகள். இப்படிப்பட்ட பள்ளிகளைத் தனியார் கையில் ஒரு பரிசோதனைக்காக ஒப்படைக்க எந்த அரசாங்கமும் எளிதில் இசைவதில்லை என்பதை நினைக்கும்போது, அந்த அனுமதியே ஓர் ஆச்சரியந்தான்.

வகுப்பில் முதலில் மாறியது உட்காரும் முறை. பிள்ளைகள் நால்வர் நால்வராகக் குழுச் சேர்ந்து, தங்களுக்கென அளிக்கப்பட்ட உபகரணங்களைச் சுற்றி அமர்ந்தார்கள். ‘பால் வைக்யானிக்’ என்னும் அவர்களுடைய பாடநூல், செய்ய வேண்டிய சோதனையைச் சொல்லி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, விடையைச் சொல்லாமல் நின்றுவிடும்; விடையைப் பிள்ளைகளே கண்டு, கலந்து பேசி, தங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பூவையும் தண்டையும் கூறுபோட்டுப் பார்க்க விலையுயர்ந்த ஊசிகளுக்குப் பதிலாகக் கருவேல முள் உபயோகமாயிற்று. சைக்கிள் வால்வுக் குழாயின் சிறு துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் கனசதுரமும் சமைத்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டும் விஞ்ஞானம் நடத்தலாம் என்ற செய்தியை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர் பலர். அவர்கள் இம்முயற்சியின் மேல்தோலையே கண்டார்கள் என்பது என் கருத்து.

உள்ளே இருந்ததைக் காண அளவைப் பற்றிய பாடமே போதும். ஒரே பொருளின் நீளத்தை ஒரு வகுப்பார் அனைவரும் அளந்து, தத்தம் அளவைக் கரும்பலகையில் எழுதும்போது, எல்லோர் அளவும் ஒன்றாக வருவதில்லை. ஒருவனுக்குச் சற்றுக் கூடுகிறது, இன்னொருத்திக்குச் சற்றுக் குறைகிறது. பழைய வகுப்பாயிருந்தால் உபாத்தியாயர் சரியான விடையைச் சொல்லி மற்றவற்றை அழித்திருப்பார். இங்கேயோ, அளவுகோலை வைத்த விதமும், கண் நின்ற கோணமும், பொருளின் விளிம்பும் இந்தக் கூடுதல் குறைவுக்கு எவ்வாறு காரணமாகின்றன என்று ஆராய்ந்து, கவனத்தோடு அளந்தாலும் ஒரு சிறு வேறுபாடு எஞ்சியே தீரும் என்ற முடிவுக்கு வகுப்பே வந்து சேர்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது அற்பமான ஞானமன்று. கல்லூரிப் பிரயோகசாலைகளில், நூலிலுள்ள எண்ணை முதலில் பார்த்துக்கொண்டு அதற்கேற்பத் தம் அளவுகளை ஜோடித்து எழுதும் பட்டதாரிகளை நாம் கண்டதில்லையா?

உபாத்தியாயர்களைப் பழக்குவதே எல்லாவற்றினும் கடினமாயிருந்தது. கோடை விடுமுறையில் மூன்று வாரகாலம் நடந்த முகாம்களில், டாட்டா நிலையத்து விஞ்ஞானிகளும் டில்லி சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் கிராமத்து உபாத்தியாயர்களோடு சமமாக அமர்ந்து, பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளையே வரிசையாகச் செய்தார்கள். பிறகு மாதந்தோறும் கூட்டங்கள் நடைபெற்றன. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது, அதுகாறும் உபாத்தியாயரின் கௌரவத்துக்கு இழுக்கென்று கருதப்பட்டது. அச்சங்கடத்தைத் தீர்க்க உதவினார் சவாலிராம் என்பவர். அவர் ஒரு கற்பனைப் பாத்திரமே, ஆனால் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை அவர் பெயருக்கு எழுதி அனுப்பினால் மெய்யான பதில் வந்து சேரும்.

ஆனால் என் மதிப்பில் இம்முயற்சியின் உயிர்நிலை பரீட்சையே. எட்டாம் வகுப்பு முடிவில் பழைய வினாத்தாளையே வைத்திருந்தால், உபகரணப் பெட்டிகள் இரண்டே வருஷத்தில் பூட்டிய அலமாரிக்குள் போயிருக்கும். முதல் தொகுதி மாணவர்கள் அந்த வகுப்பை எட்டியபோது, அவர்களுக்கென்று தனிப் பரீட்சை ஏற்பாடாயிற்று: எழுத்துத் தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம், அதனோடு செய்முறைத் தேர்வும் உண்டு. வினாக்களை உபாத்தியாயர்களே கூடி வகுத்தார்கள். திருத்துவதற்கு முன் சில விடைத்தாள்களை எடுத்துப் படித்து, பிள்ளைகள் எவ்வெவ்வாறு சிந்தித்திருக்கிறார்கள் என்று அறிந்த பின்னரே மதிப்பெண் வழங்கும் முறையை நிர்ணயித்தார்கள்.

1978-ல் இத்திட்டம் ஜில்லா முழுவதுக்கும் விரிந்தது. 1982-ல் தோன்றிய ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் அதன் பொறுப்பை ஏற்றது. இருபது ஆண்டுகளில் வேறு பல ஜில்லாக்களுக்கும் பரவி ஏறத்தாழ 1000 பள்ளிகளை எட்டியது. ஆட்சேபணைகளும் கூடவே வளர்ந்தன. அவை யாவும் அற்பமானவை என்று தள்ளிவிடுவதற்கில்லை. கண்ணால் கண்டு நிரூபிக்க முடியாத அணுவையும் மூலக்கூறையும் வெறும் நம்பிக்கையின்பேரில் புகட்டலாகாது என்று நூலாசிரியர்கள் ஒதுக்கி வைத்தமையால், ஒன்பதாம் வகுப்பில் பொதுப் பாடநூலைத் திறந்த பிள்ளைகள் குறியீடுகளையும் சமன்பாடுகளையும் கண்டு திகைத்தார்கள். கொள்கையளவில் நியாயமான ஒரு நிலைக்குப் பிள்ளைகள் விலை கொடுக்க நேர்ந்தது மெய்தான். அதைச் சீர்திருத்தலாம் என்ற வாதம் எடுபடவில்லை. மாநிலத்தின் பிற பள்ளிகளில் உள்ள பாடமே எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்ற கோரிக்கை அரசியல்வாதிகளின் வாயில் வலுப்பெற்று, ஜில்லாத் திட்டக் குழுவின் சிபாரிசாக உருவெடுத்தது.

2002-ல் அரசாங்கம் திட்டத்தை நிறுத்தியது. நாட்டின் பல பாகங்களிலிருந்து விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எழுதிய கண்டனங்கள் பலிக்கவில்லை. ஏகலவ்யா விரும்பினால் தன் நூல்களை வெளியிட்டுக்கொள்ளத் தடையில்லை. அவ்வாறே வெளியிட்டும் வருகிறது. பள்ளிகளுக்கோ மாநிலத்தின் பொதுப் பாடநூலும், புத்தகத்தை மூடி வைத்து எழுதும் பரீட்சையும் ஒருங்கே திரும்பி வந்தன.