தேய்ந்த தட்டும் நத்தார்ப் பாட்டும்

போன மார்கழியில் எங்களில் ஒருவரின் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு பிஸ்கட் ரின்னை இறக்கினோம். உள்ளே பதினொரு கசற்றுகள். ஒன்றின் மேல் நீலப் பேனையால் ‘நத்தார் – ஜிம் ரீவ்ஸ்’ என்று எழுதியிருந்தது. போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. றேடியோ திருத்தும் அண்ணை ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தோம்.

முதற் பக்கம் நன்றாகத்தான் பாடியது. கொஞ்சம் இழுபட்டது, கொஞ்சம் இரைந்தது, அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில் மூன்றாவது பாட்டு நடுவிலேயே ‘டக்’ என்று அறுந்தது. பிறகு மழைச் சத்தம். ஒரு பிள்ளை சிணுங்குகிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: “உதை நிப்பாட்டிப்போட்டு வந்து சாப்பிடு மோனை.”

அது அந்த வீட்டு அம்மம்மாவின் குரல். அவர் செத்து ஒன்பது வருடம். எப்போதோ ஒரு நாள் யாரோ தெரியாமல் றெக்கோட் கட்டையை அழுத்தியிருக்கிறார்கள். பத்து, பன்னிரண்டு செக்கன்தான். பிறகு பாட்டு திரும்பவும் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் பாட்டைக் கேட்கவில்லை.

அந்தக் கசற்றில் இருந்த பாட்டு எல்லாம் எங்கட போனில் இருக்கிறது. இரைச்சல் இல்லை, இழுவை இல்லை. அப்படியிருக்க ஏன் பழைய தட்டையும் நாடாவையும் தேடிப் போகிறார்கள்? ‘பழைய ஒலிதான் நல்ல ஒலி’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை. 1940களின் தட்டொன்று எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் இரையும். நாங்கள் சொல்ல வருவது வேறு. ஒரு பாட்டைச் சனம் எவ்வளவு கேட்டிருக்கிறது என்பதைப் பழைய தட்டும் நாடாவும் தங்கட உடம்பிலேயே வைத்திருக்கின்றன. அதற்கு நல்ல சாட்சி, ஜிம் ரீவ்ஸும் பாடிய ஒரு பாட்டு: ‘வைற் கிறிஸ்மஸ்’.

வெயிலில் பாடிய பனிப் பாட்டு

வெள்ளைப் பனி மூடிய நத்தாருக்காக ஏங்கும் இந்தப் பாட்டை எழுதியவர் இர்விங் பெர்லின். 1888இல் ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, 5 வயதில் அமெரிக்காவுக்கு வந்த அகதி. நத்தார் அவருடைய பண்டிகையே இல்லை. அந்த நாள் அவருக்குத் துக்க நாளும்கூட. 1928 டிசம்பர் 25இல், பிறந்து சில வாரமே ஆன அவருடைய மகன் இறந்துபோனான்.

பாட்டுக்கு முதலில் ஒரு முன்பகுதியும் இருந்தது. கலிபோர்னியாவின் வெயிலில், பச்சை மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு வடக்கின் பனியை நினைக்கும் ஒருவர் அதில் வருவார். பிங் குரொஸ்பி பாடிய தட்டில் அந்தப் பகுதி இல்லை. அதனால்தான் இது பனியில் இருப்பவரின் பாட்டு என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். உண்மையில் இது பனி இல்லாத இடத்தில் இருப்பவரின் பாட்டு. மாரி மழையில் நத்தார் கொண்டாடும் எங்களுக்கு அது விளங்காத ஏக்கம் இல்லை.

குரொஸ்பி இதை முதன்முதலில் பாடியது 1941 நத்தார் அன்று, வானொலியில். பேர்ள் ஹாபர் தாக்குதல் நடந்து 18 நாள் ஆகியிருந்தது. 1942 மே 29இல் டெக்கா கொம்பனிக்காக லொஸ் ஏஞ்சல்ஸில் ஒலிப்பதிவு செய்தார். ஓகஸ்ட்டில் ‘ஹொலிடே இன்’ படமும் வந்தது. மார்கழி வர, வீட்டை விட்டுத் தூர தேசங்களுக்குப் போயிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் படை வானொலியில் இதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார்கள்.

அரக்குத் தட்டு

அந்தப் பாட்டு எதில் பதிந்திருந்தது? 10 அங்குல அகலத்தில், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கறுப்புத் தட்டில். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம். அந்தக் காலத்துப் பாட்டுகள் மூன்று நிமிடத்தில் முடிவதற்கு ஒரு காரணம், தட்டில் அதற்கு மேல் இடம் இல்லை என்பதுதான்.

அந்தத் தட்டு பிளாஸ்ரிக் இல்லை, அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை ஞாபகம் இருக்கிறதுதானே, அதே அரக்கு. மரக்கொப்பில் சாற்றைக் குடித்து வாழும் ஒரு சின்னப் பூச்சி தன்னைச் சுற்றிக் கசிய விடும் பிசின் அது. அதைச் சுரண்டி, உருக்கி, வடித்து எடுத்தால் ஷெல்லாக். அதோடு கல்மாவும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தினால் இசைத்தட்டு. உலகத்தின் ஷெல்லாக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. பனி விழும் நத்தாரைப் பற்றிய பாட்டு, வெயில் காயும் காட்டில் ஒரு பூச்சி கசியவிட்ட பிசினில் பதிந்திருந்தது.

போர் வந்ததும் ஷெல்லாக் படைத் தேவைக்குப் போனது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்குக் கிடைத்த ஷெல்லாக்கை 70 வீதத்தால் குறைத்தது. கடைகள் புதுத் தட்டு வாங்க வருகிறவர்களிடம் பழைய தட்டைக் கேட்டு வாங்கின. பழையதை அரைத்துத்தான் புதியதை அச்சடிக்க முடிந்தது. அப்படியென்றால் அந்த நத்தாருக்கு விற்பனையான ‘வைற் கிறிஸ்மஸ்’ தட்டுகள் சிலவற்றுக்குள் முந்திய காலத்துப் பாட்டுகள் மாவாகக் கிடந்திருக்கும். யாருடைய பாட்டென்று இனி ஒருவருக்கும் தெரியாது.

கேட்டுக் கேட்டே தேய்ந்தது

கிராமபோனில் தட்டு கேட்பது சும்மா இருந்து செய்கிற வேலை இல்லை. கைபிடியைச் சுற்றி வில்லை முறுக்க வேண்டும். முறுக்கு இறங்கினால் பாடுகிறவரின் குரலும் சேர்ந்து இறங்கும். உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். தட்டில் கலந்த கல்மா ஊசியைத் தேய்க்கும். தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்கும். அதிகம் விரும்பிக் கேட்ட தட்டின் தவாளிப்பு சாம்பல் நிறமாக மாறிவிடும். பழைய தட்டுகளைப் பார்த்தாலே, அந்த வீட்டில் எந்தப் பாட்டுக்கு மவுசு என்று கண்டுபிடித்துவிடலாம்.

தேய்ந்தது வீட்டுத் தட்டுகள் மட்டும் இல்லை. ஒலிப்பதிவு முதலில் ஒரு மிருதுவான தட்டில் வெட்டப்படும். அதன்மேல் உலோகம் படியவைத்து எடுப்பது தகப்பன், அதிலிருந்து தாய், தாயிலிருந்து அச்சு. அந்தத் தொழிலில் அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். அச்சு தேய்ந்தால் தாயிடம் போகலாம். தாய் தேய்ந்தால் தகப்பனிடம் போகலாம். ‘வைற் கிறிஸ்மஸ்’ தட்டை வருடா வருடம் கேட்டார்கள், டெக்காவும் வருடா வருடம் அச்சடித்தது. கடைசியில் மூலமே பழுதாகிப்போனது.

அதனால் 1947 மார்ச்சில் குரொஸ்பியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதே ஜோன் ஸ்கொற் ட்ரொட்டரின் வாத்தியக் குழு, அதே கென் டார்பியின் பாடகர் குழு. ஐந்து வருடத்துக்கு முந்திய பாடலை அப்படியே திரும்பப் பாடிப் பதிய முயன்றார்கள். இன்றைக்கு நாங்கள் கேட்பது பெரும்பாலும் இந்த 1947ஆம் ஆண்டுப் பதிவைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கோ. பின்னையதன் தொடக்கத்தில் புல்லாங்குழலும் செலஸ்ராவின் மணியோசையும் சேர்ந்திருக்கும். உலகத்தில் அதிகம் விற்ற தனிப்பாடல் என்று, 50 மில்லியன் பிரதிகள் என்ற மதிப்பீட்டோடு, கின்னஸ் புத்தகம் சொல்லும் பாட்டு, சனத்தின் ஆசையாலேயே தேய்ந்து அழிந்து, இரண்டாம் முறை பிறந்த பாட்டு.

தட்டிலிருந்து நாடாவுக்கு

அதே 1947இல் குரொஸ்பி இன்னொரு வேலையும் செய்தார். ஒவ்வொரு கிழமையும் நேரத்துக்கு வந்து நேரடியாக வானொலியில் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தட்டில் பதிந்து ஒலிபரப்பினால் ஒலி கெட்டது. ஜாக் மலின் என்ற பொறியியலாளர் போர் முடிந்தபோது ஜேர்மனியிலிருந்து இரண்டு காந்த நாடா இயந்திரங்களைக் கொண்டுவந்திருந்தார். 1947 ஒக்டோபர் 1இல் குரொஸ்பியின் நிகழ்ச்சி நாடாவிலிருந்து அமெரிக்கா முழுக்க ஒலிபரப்பானது. கேட்டவர்களுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அம்பெக்ஸ் என்ற சின்னக் கொம்பனி நாடா இயந்திரம் செய்ய அவர் 50,000 டொலர் கொடுத்தார். அரக்குத் தட்டைத் தேயவைத்த அதே பாடகர், நாடாவுக்கு வழி திறந்தவர்களில் ஒருவராகவும் ஆனார்.

1948இல் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். அதுவரை ‘அல்பம்’ என்றால் உண்மையாகவே அல்பம்தான்: படம் ஒட்டும் புத்தகம் மாதிரி, பல தட்டுகளை உறையில் செருகிய தடித்த புத்தகம். 1945இல் வந்த குரொஸ்பியின் நத்தார் அல்பத்தில் ஐந்து தட்டுகள், பத்துப் பாட்டுகள். கேட்டு முடிக்கப் பத்துத் தரம் எழும்ப வேண்டும்.

1963இல் பிலிப்ஸ் கொம்பனி கசற்றை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் ஜிம் ரீவ்ஸின் பன்னிரண்டு நத்தார்ப் பாட்டுகளும் தட்டாக வந்தன. அடுத்த வருடம் ஜூலையில் அவர் தானே ஓட்டிய விமானம் விழுந்து இறந்துபோனார். ஆனால் இலங்கையில் அவர் சாகவேயில்லை. தட்டிலிருந்து வானொலிக்கு, வானொலியிலிருந்து கசற்றுக்கு, ஒரு கசற்றிலிருந்து இன்னொரு கசற்றுக்கு என்று அவருடைய குரல் வீடு வீடாகப் போனது. ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கொஞ்சம் கூடும். அந்த இரைச்சல், பாட்டு எத்தனை கை மாறி வந்தது என்பதற்கான கணக்கு.

மிதித்துக் கேட்ட பாட்டு

1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. அப்போது றேடியோவும் கசற்றும் எப்படிப் பாடின என்று எங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: சைக்கிள் டைனமோ.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார். டைனமோ 6 வோல்ட். நாலு பற்றறி போடும் கசற் பிளேயருக்கும் 6 வோல்ட்தான். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க நாலு இருவாயிகளைப் பற்றவைத்துக் கொள்வார்கள். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் படமாகக் கீறிய சுற்று, அந்தப் பிள்ளைகளுக்கு நத்தார்ப் பாட்டு.

சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாட்டு இழுபடும், குரல் தடிக்கும். “சுத்தடா!” என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். வில் முறுக்கு இறங்கிய கிராமபோனும் அப்படித்தான் பாடியது. பாட்டு ஓட ஒருவரின் கை வேண்டும். இன்றைக்கு நாங்கள் பாட்டை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். அன்றைக்குப் பாட்டுத்தான் வேலை.

இந்த மார்கழியில்

உங்கட வீட்டிலும் ஒரு பிஸ்கட் ரின் இருக்கலாம். அரக்குத் தட்டு இருந்தால் ஸ்பிரிற்றால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். கிராமபோன் ஊசியை வினைலில் வைக்காதீர்கள். வினைல் பிளேயரின் மெல்லிய ஊசியும் 78 சுற்றுத் தட்டுக்குப் பொருந்தாது, அதன் தவாளிப்பு அகலம். கசற் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே போடாதீர்கள், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நல்ல நாடா என்றால், முதலில் கசற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு அதன்மேல் தவறுதலாகப் பதிய முடியாது. பிறகு ஒரு வயரைக் கொழுவி, இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கணினியில் பதிந்து வையுங்கள். பாட்டு முடிந்த பிறகு வரும் வெறும் நாடாவையும் சேர்த்து. எங்கே யார் கதைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

நாங்கள் அந்தக் கசற்றை அப்படித்தான் பதிந்தோம். எங்களில் ஒருவர் இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டுத் துப்பரவாக்கிப் பார்த்தார். ஜிம் ரீவ்ஸ் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிட்டார். அம்மம்மாவின் குரலும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மழை இல்லை. நாடாவின் இரைச்சலையும் ஓட்டில் பெய்த மழையையும் அந்த மென்பொருளால் வேறுபிரிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

துப்பரவாக்கிய பிரதியை அழித்துவிட்டோம். இந்த நத்தாருக்கு இரைச்சலோடுதான் போடப்போகிறோம்.