கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றுச்செடிகள்

காற்றுச்செடி என்பது டில்லாண்சியா பேரினத்துச் செடிகளுக்கு வணிகத்தில் நிலைத்துவிட்ட பெயர். அன்னாசி அடங்கிய புரோமீலியக் குடும்பத்தில் மிகப் பெரிய பேரினம் இதுதான். 600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முதல் அர்ஜென்டினா வரை இயற்கையாக வளர்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் காணப்படும் பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா ஒன்று நீங்கலாக இக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஆகவே கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் தொங்கும் காற்றுச்செடி எதுவானாலும் கடல் கடந்து வந்த வம்சம்.

இதைப் புல்லுருவி என்று நினைப்போர் உண்டு. புல்லுருவி தாய்மரத்தின் சாற்றை உறிஞ்சும். காற்றுச்செடி மரத்திடம் கேட்பது உட்கார இடம் மட்டுமே. வேர் பிடித்துக்கொள்ளத்தான், குடிப்பதற்கு அல்ல. குடிப்பது இலை. சாம்பல் பூத்த ஓர் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: சாம்பல் நிறம் அந்த இடத்தில் மட்டும் மறைந்து பச்சை தெரியும். இலையைப் போர்த்தியுள்ள நுண்ணிய செதில்கள் ஈரம் பட்டதும் இலையோடு படிந்து ஒளி ஊடுருவவிடுவதே காரணம். காய்ந்ததும் செதில்கள் நிமிர்ந்து சாம்பல் நிறம் திரும்பிவிடும். காற்றை மட்டும் தின்று வாழும் செடி என்ற நம்பிக்கை பிழையானது. அதை நம்பித் தண்ணீர் காட்டாமல் விடப்பட்ட செடிகள் காய்ந்து சாகின்றன.

பேரினத்துக்குப் பெயரிட்டவர் சுவீடன் அறிஞர் லின்னேயஸ். துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்து, அவ்வூர்த் தாவரங்களைப் பட்டியலிட்ட எலியாஸ் டில்லாண்ட்ஸ் (1640–1693) நினைவாக அது சூட்டப்பட்டது. டில்லாண்ட்ஸ் கடற்பயணத்துக்கு அஞ்சிக் கரைவழியே சுற்றி நடந்தவர் என்றொரு கதை உண்டு. இச்செடிகள் ஈரத்தை வெறுப்பவை என லின்னேயஸ் கருதியதால் பெயர் பொருந்தியது. அவருடைய 1753ஆம் ஆண்டு நூலில் ரெனீல்மியா என்ற வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த ஸ்பானியப் பாசி, 1762இல் டில்லாண்சியாவுக்கு மாறியது. 'பாசி' என்றாலும் அது பூக்கும் செடி. வர்ஜீனியாவிலிருந்து அர்ஜென்டினா வரை மரங்களில் தாடியாகத் தொங்கும் இதை உலர்த்தி மெத்தைக்குள் திணிப்பதே ஒரு காலத்தில் அமெரிக்கத் தென்பகுதியில் பெருந்தொழிலாக இருந்தது.

சேகரிப்போரின் உலகம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது. புளோரிடாவின் மல்ஃபோர்ட் ஃபாஸ்டர் பிரேசில் காடுகளில் அலைந்து செடிகளைத் திரட்டினார். 1950இல் கலிபோர்னியாவில் புரோமீலியச் சங்கம் தொடங்கப்பட்டபோது அவரே முதல் தலைவரானார். தாவரவியலர் லைமன் ஸ்மித் இக்குடும்பம் பற்றி எழுதிய பெருநூல் 1974 முதல் 1979 வரை மூன்று பாகங்களாக வெளிவந்து பெயர்க் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. காட்டிலிருந்து பறித்து விற்ற வணிகம் மெல்ல நர்சரி வளர்ப்புக்கு மாற, குவாத்தமாலா முன்னணி ஏற்றுமதி நாடானது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மரத்தில் தொற்றி வாழும் செடி புதிதல்ல. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணியும் புறா ஆர்க்கிடும் தாமாகவே குடியேறியிருக்கும். பெருமழை பெய்து குளிர்ந்த ஒன்பதாம் நாள் வட்டாரமே ஒருசேர வெள்ளையாகப் பூக்கும் புறா ஆர்க்கிட், ஒரே நாளில் வாடிவிடும். இந்தத் தூங்குமூஞ்சியும் டில்லாண்சியாவைப் போல அமெரிக்காவிலிருந்து வந்ததே. பிரிக்பீல்ட்ஸை அடுத்து, 1888இல் ஆல்ஃபிரட் வென்னிங் முயற்சியில் உருவான ஏரிப் பூங்கா (இன்றைய பெர்டானா தாவரவியல் பூங்கா) தொற்றுச்செடிகளை நகரத்தார் அருகிருந்து பார்க்க வழிசெய்தது. தாவரவியலர் ஹோல்ட்டம் எழுதிய மலாயாவின் ஆர்க்கிட் நூலும் தாழ்நிலத் தோட்டக்கலை நூலும் 1953இல் வந்தன. தேங்காய் மட்டையிலும் மரத்துண்டிலும் செடி கட்டி வளர்க்கும் பழக்கம் இங்கே ஆர்க்கிடோடு வேரூன்றியிருந்ததால், மண் கேட்காத இன்னொரு செடிக்கும் இடம் கிடைத்தது.

இவ்வட்டாரச் செடி வணிகத்தின் மையம் சுங்கை பூலோ. அதன் கதையைச் சொல்லாமல் இங்கே எந்த அலங்காரச் செடியின் வரலாறும் முழுமை பெறாது. தொழுநோயாளரைச் சிறைபோல் அடைத்துவைக்காமல் வீடும் நிலமும் தந்து குடியமர்த்த வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் டிராவர்ஸ் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தக் கருத்தில் எழுந்த சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. நோய்க்கு மருந்து வந்து பூட்டு திறந்த பிறகும், ஊரார் ஏற்க மறுத்ததால் பலர் அங்கேயே தங்கினர். கையிலிருந்த நிலத்தில் செடி வளர்த்து விற்றனர். அந்தச் சிறு பண்ணைகளே பெருகிச் சாலையின் இருபுறமும் நீண்ட நர்சரி வரிசையாயின. ஒதுக்கப்பட்டவர்கள் உழைப்பால் எழுந்த சந்தை இது. காற்றுச்செடி வாங்கப் போகிறவர் இதை அறிந்திருப்பது நல்லது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மக்கள் வீட்டுக்குள் முடங்கியபோது செடி மோகம் பெருகி, இணைய விற்பனை மூலம் காற்றுச்செடி பிளாட் வீடுகளையும் எட்டியது.

ஆனால் எந்த வகை நிலைக்கும் என்பதைக் கடையல்ல, இங்குள்ள காற்றே தீர்மானிக்கிறது. காற்றுச்செடியாக வளர்க்கப்படும் டில்லாண்சியாக்கள் பெரும்பாலும் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும். இலை ஈரமாக இருந்தால் செதில்கள் துளைகளை அடைத்துவிடும். கோலாலம்பூரில் ஆண்டு மழை 2,400 மில்லிமீட்டருக்கு மேல். இரவு வெப்பமும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மாலை இடிமழையில் நனைந்த செடி இரவெல்லாம் காயாமலிருந்தால் உட்குருத்தில் நீர் தேங்கி அடி கறுக்கும். இழுத்தால் நடு இலைகள் கையோடு வந்துவிடும். வெளி இலைகள் அப்போதும் பச்சையாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. இப்பள்ளத்தாக்கில் காற்றுச்செடிக்குப் பெரும்பகை வறட்சியல்ல, காயாத ஈரம்.

குமிழ் போல அடி பருத்துப் பாம்பாக நெளியும் பல்போசா இங்கே மிகப் பொருத்தமானது. அதன் தாயகமே கடற்கரைச் சதுப்பு மரங்கள் வரை இறங்கும் தாழ்நிலம். அதன் உட்குழிகளில் எறும்புகள் குடியிருக்கும். பூக்கும் முன் செடி முழுதும் சிவக்கும் பிராக்கிகாலோஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் அயனாந்தா, ஸ்பானியப் பாசி ஆகியவையும் நன்கு தாங்கும். தொடக்கத்தில் இவற்றையே வாங்கலாம். பஞ்சு போர்த்தியது போன்ற டெக்டோரம் ஈக்குவடோர், பெருவின் வறண்ட மலைச்செடி; மழை படாத கூரையும் ஓயாத காற்றும் இல்லாமல் இங்கே வைக்கக்கூடாது. மேகக் காடுகளைச் சேர்ந்த புட்சிக்குக் கேமரன் மலையின் குளிர் ஏற்கும். கிள்ளானின் புழுக்கம் ஏற்காது. இளஞ்சிவப்பு மடலும் ஊதாப் பூவும் கொண்ட சயானியா பலராலும் தொட்டியிலேயே வளர்க்கப்படுவது. தாவரவியலர் 2016 முதல் அதை வாலிசியா என்ற தனிப் பேரினத்தில் வைக்கின்றனர்.

தண்ணீரை விடிகாலையில் காட்டி, தலைகீழாக உதறி, நான்கு மணி நேரத்துக்குள் காயவைப்பது நல்ல முறை. கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து விற்பதைத் தவிர்க்க வேண்டும். அழகுக்காகச் செடியைக் கொல்லும் ஏற்பாடு அது. செம்புக் கம்பியால் கட்டினால் செம்பே நஞ்சாகும். அலுமினியக் கம்பியோ மீன்பிடி நரம்போ போதும். செடி வாழையைப் போலத்தான்: ஒருமுறை பூத்தபின் தாய் மெல்ல மடிய, பக்கத்தில் கன்றுகள் எழும்பும். மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்த பிறகே கன்றைப் பிரிக்க வேண்டும்.

டிங்கிக் காய்ச்சல் மிகுந்த சிலாங்கூரில் இன்னொரு கவனமும் தேவை. இலையடியில் குளம்போல நீர் தேக்கும் பெரிய புரோமீலியங்களில் ஏடிஸ் கொசு முட்டையிடும். பெரும்பாலான காற்றுச்செடிகளில் அந்த அளவு நீர் தங்காது. அகன்ற இலையுள்ள பெருஞ்செடிகளை மட்டும் மழைக்குப் பின் கவிழ்த்துவிட வேண்டும். செதில்கள் தண்ணீரோடு தூசியையும் பிடிப்பதால், ஸ்பானியப் பாசியைக் காற்று மாசின் அளவை அறியும் கருவியாகப் பிரேசிலில் ஆய்வாளர்கள் பயன்படுத்தியுள்ளனர். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் அவசரநிலை அறிவிக்கச் செய்தது போன்ற புகைமூட்டம் சூழும் நாள்களில் இலைகளை அடிக்கடி அலசிவிடுவது நலம்.

சேகரிப்போர் பெரிதும் விரும்பும் சீரோகிராஃபிக்கா வெள்ளிச் சுருள்களாகப் பந்துபோல் விரியும் பெருஞ்செடி. மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சல்வடோரின் வறண்ட காடுகளில் அளவுக்கு மீறிப் பறிக்கப்பட்டதால், அழிவாபத்து உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஹாரிசி என்ற வகையும் அதே பட்டியலில் உள்ளது. மலேசியாவில் இந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்துவது 2008ஆம் ஆண்டுச் சட்டம் 686. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இவ்வகைகளை நேரே தருவிப்பவருக்கு வழக்கமான இறக்குமதி அனுமதி, தாவர நலச் சான்றிதழ் ஆகியவற்றோடு சைட்டிஸ் ஆவணமும் வேண்டும். உள்ளூர் நர்சரியில் வாங்குபவர், செடி வளர்ப்பில் பெருக்கப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும்.