பரணில் கிடக்கும் வேட்டைத் துப்பாக்கி: தேய்ப்பதற்கு முன் படியுங்கள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "சார், செங்கம் பக்கம் எங்க பாட்டன் வீட்டைப் பிரிக்கிறோம். பரண்ல ஒரு பழைய துப்பாக்கி கெடக்குது. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, வார்னிஷ் அடிச்சு ஹால்ல மாட்டலாமா?" "தம்பி, தேய்க்கவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம்" என்றேன். காரணம் இரண்டு. ஒன்று வரலாறு, இன்னொன்று சட்டம். இந்தக் கேள்வி உங்களில் வேறு சிலருக்கும் வரக்கூடும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், துப்பாக்கி நம் வீடுகளுக்குள் வந்த கதை.

பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு 1801 டிசம்பரில் கம்பெனி அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டுத் தென்னாட்டுப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. பிறகு லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றும், ஐரோப்பியருக்கு விலக்கு என்றும் ஆனது. 1918-ல் படைக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்ட காந்தியடிகளே தம் துண்டறிக்கையில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். ஆகவே அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் துப்பாக்கி இருந்தது என்றால், அந்த வீட்டுக்காரர் ஜமீனாகவோ, மிராசாகவோ, அரசாங்கத்துக்கு வேண்டியவராகவோ இருந்திருப்பார். துப்பாக்கியைவிட அதோடு இருந்த லைசென்ஸ் புத்தகம்தான் பெரிய கௌரவம். அந்தப் புத்தகம் கிடைத்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நம் மாவட்டம் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது 1989-ல்தான். பழைய லைசென்சில் வட ஆற்காடு என்றே இருக்கும்.

ஜவ்வாது மலையின் கதை வேறு. அங்கே மலைவாழ் மக்களிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தும் ஈய ரவையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் வகை. உள்ளூர்க் கொல்லரே செய்தது. அதில் கம்பெனி முத்திரை எதுவும் இருக்காது.

நம் அண்ணாமலையிலும் அன்று காடும் சிறுத்தையும் இருந்தன. பகவான் ரமணர் விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் இருந்த நாட்களில் சிறுத்தைகள் வந்து போனதை அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பகவான் புலித்தோலில் அமர்ந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆசிரம வளாகத்தில் வள்ளி என்ற மானுக்கும், லட்சுமி பசுவுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரியும்.

இனி, துப்பாக்கியை அடையாளம் காண்பது.

நம் பக்கம் வேட்டைக்குப் பயன்பட்டவற்றைப் பொதுவாக இப்படிப் பிரிக்கலாம். ரவை சுடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஒரு வகை. குழாயின் உள்ளே முறுக்குக் கோடுகள் கொண்ட ரைஃபிள் இன்னொரு வகை. "12 போர்" என்கிறோமே, அதன் பொருள் பலருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தில் ஒரே அளவாக 12 உருண்டை செய்தால், ஓர் உருண்டையின் விட்டம்தான் அந்தக் குழாயின் விட்டம். அதனால்தான் எண் பெரிதாகப் பெரிதாகக் குழாய் சிறிதாகிறது.

ரைஃபிளின் அளவிலேயே வரலாறு ஒளிந்திருக்கும். 1900-களின் முதல் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களுக்கு இந்தியாவில் தடை விழுந்தது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி துப்பாக்கிகளுக்கு அவை போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. அதேபோல் .303 ராணுவ அளவு என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது; அதற்குப் பதில் வந்தது .315. வங்காளத்து இசாப்பூர் தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பிறகும் .315 வேட்டை ரைஃபிள் செய்து விற்றது.

ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டாம், சுட்ட வேகத்திலேயே அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் வகைக்கு செமி ஆட்டோமேட்டிக் என்று பெயர். ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தத்தான் வேண்டும். வேட்டைக்கு இதைப் பரப்பியது அமெரிக்கா. வின்செஸ்டர் கம்பெனி 1903, 1905, 1907, 1910 என்று ஆண்டையே மாடல் பெயராக வைத்து வெளியிட்டது. ரெமிங்டன் கம்பெனியின் மாடல் 8, 1906 முதல் 1936 வரை செய்யப்பட்டது. அதில் குழாய்க்கு மேல் இன்னொரு குழாய் உறைபோல இருக்கும். சுடும்போது உள்குழாய் பின்னால் போய் வரும். வின்செஸ்டர் 1907-ல் குழாய்க்குக் கீழே முன்பக்கம் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்; அதை உள்ளே அழுத்தித்தான் முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும். இந்த இரண்டு அடையாளமும் தெரிந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

மாடல் 8-ஐ வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். பெங்களூரில் வாழ்ந்து, ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்த .405 வின்செஸ்டரும் இதே பிரவுனிங்கின் வடிவமைப்புதான். ஆனால் அது லீவர் இழுத்துச் சுடுவது.

கம்பெனிப் பெயரைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழாயின் மேல் "பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று இருக்கலாம். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பெயர் போன அதே கடைதான். அவர்கள் விற்றவர்கள், செய்தவர்கள் அல்ல. செய்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது சோதனை முத்திரை. இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் ஆகிய இரண்டு ஊர்களில் அரசு அனுமதி பெற்ற சோதனைச் சாலைகள் உண்டு. அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் கிரீடம் போட்ட முத்திரை குத்துவார்கள். முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்று இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை. இரட்டைக்குழலில் முத்திரைகள் குழாயின் அடிப்பக்கத் தட்டையில் இருக்கும், கழற்றினால்தான் தெரியும்.

அசலா, கை வைத்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழிகள்:

1. குழாய், பூட்டுப் பகுதி, முன்கட்டை மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஏதோ ஒன்று வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது.

2. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிக் கிடந்தால் யாரோ தேய்த்துப் புதுச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

3. திருகாணித் தலையின் கீறல் சிதைந்திருந்தால், தெரியாதவர் கழற்றியிருக்கிறார் என்று பொருள்.

4. கட்டை வால்நட் மரம், எண்ணெய் ஊட்டியது. பளபளவென்று வார்னிஷ் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. செமி ஆட்டோமேட்டிக் என்றால், தொலைநோக்கி மாட்டப் பின்னாளில் துளை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு துளைக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைந்துவிடும்.

6. பெட்டி இருந்தால் அதன் உள்ளே ஒட்டிய சீட்டைப் படியுங்கள். கம்பெனிகள் கடை மாற்றியதால் முகவரியே காலத்தைச் சொல்லும். ரிக்பி கம்பெனிச் சீட்டில் செயின்ட் ஜேம்ஸ் தெரு என்றால் முந்தியது, சாக்வில் தெரு என்றால் பிந்தியது.

ஜிம் கார்பெட்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். சம்பாவத் ஆட்கொல்லியை 1907-ல் சுட்டதற்காக அவருக்கு .275 ரிக்பி ரைஃபிள் பரிசாகக் கிடைத்தது. கட்டையில் பதித்த தகட்டில் அந்த விவரம் இருக்கிறது. இன்று அது அதைச் செய்த கம்பெனியிடமே திரும்பிவிட்டது. அந்தத் தகட்டை யாராவது "அழுக்காக இருக்கிறது" என்று பிடுங்கியிருந்தால் அது ஆயிரத்தில் ஒரு ரைஃபிள், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. குழாயில் மரத்தின் ரேகைபோல வரிவரியாகத் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழாய். பெரும்பாலும் கருமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழாய் வெடித்துக் கை போய்விடும். பரணில் கிடந்த எதையும் உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

இப்போது சட்டம். இதுதான் மிக முக்கியம்.

"பழையது, துரு பிடித்தது, லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்பார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால் மட்டும். துருவைத் துடைத்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை 3-லிருந்து 2 ஆகக் குறைந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறை. செமி ஆட்டோமேட்டிக் வகைக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். துப்பாக்கியில் உள்ள எண்ணை அழிப்பதும் குற்றம். உப்புத்தாள் வேண்டாம் என்று நான் சொன்னதில் இதுவும் அடக்கம்.

ஆகவே வரிசை இதுதான். தொடாமல், இருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள். வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள், ரசீது வாங்குங்கள். அதன் பிறகு வாரிசு லைசென்ஸா, விற்பதா, அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா என்று யோசிக்கலாம்.

வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு ஓய்ந்தது. அது நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இப்போது எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். துப்பாக்கி யாருடையது, எந்தக் காட்டுக்குப் போனது, யார் கூடப் போனார்கள் என்று இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துப்பாக்கி கை மாறிப் போனாலும் அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கும். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

உங்கள் வீட்டில் பழைய லைசென்ஸ் புத்தகமோ வேட்டைப் படமோ இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். துப்பாக்கி இருந்தால் கமெண்டில் போடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். அருணாசல சிவ.